அரை கிராமில் என்ன தெரிந்துவிடும்?

கேள்வி: கடையில் வாங்கிய விரலி மஞ்சளை மிக்ஸியில் அரைத்து, ஈயம் இருக்கிறதா என்று பார்க்க லேபில் கால் கிலோ கொடுத்தேன். அதில் அரை கிராம்தான் எடுப்பார்களாம். அதில் என்ன தெரிந்துவிடும்?
– ஈரோட்டு வாசகி

பதில்: அரை கிராம் தாராளம் அம்மா. அது எந்த அரை கிராம் என்பதுதான் விஷயம். பளபளப்புக்காகச் சிலர் பூசும் லெட் குரோமேட் என்ற, ஈயமும் குரோமியமும் சேர்ந்த மஞ்சள் நிறமி, விரலியின் மேல்தோலில்தான் ஒட்டியிருக்கும். நடுவில் சுரண்டி எடுத்தால் எதுவும் அகப்படாது. அதனால் மொத்தத்தையும் நைசாக அரைத்துக் குவித்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை மட்டும் சேர்த்து மறுபடி குவிப்போம். கையளவு ஆகும்வரை இதே வேலைதான்.

அப்புறம் டெஃப்லான் குப்பியில் அரை கிராமைப் போட்டு நைட்ரிக் அமிலம் ஊற்றி, இதற்கென்றே உள்ள மைக்ரோவேவில் 200 டிகிரி வரை சூடேற்றுவோம். நன்றாக ஆறவிட்டுத் திறந்தாலும் செம்பழுப்புப் புகை குபுக்கென்று வரும். உள்ளே மஞ்சள் இருந்த சுவடே இருக்காது, வெளிறிய தண்ணீர்தான். அதை 50 மில்லி ஆக்குவோம். மஞ்சளில் ஈயத்துக்கு நம் நாட்டு வரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம். இந்தக் கரைசலில் அது லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஆகிவிடும். உலோகங்களை மிக நுண்ணிய அளவிலும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவி அதில் நூறில் ஒரு பங்கைக்கூடப் பிடித்துவிடும்.

தலைவலி கருவியால் அல்ல, எங்களால்தான். வேலையின்போது வெளியிலிருந்து ஏதாவது கலந்துவிட்டதா என்று பார்க்க, மஞ்சளே போடாமல் வெறும் அமிலத்தையும் எல்லாப் படிகளிலும் கூடவே ஓட்டுவோம், பிளாங்க் என்போம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை என் பிளாங்கில் துத்தநாகம் எகிறியது. அமிலத்தை மாற்றினேன், குப்பிகளை மறுபடி ஊறவைத்தேன், மூன்று நாள் போனது. கடைசியில் பார்த்தால் என் கையுறையில் இருந்த பவுடர்!

உங்கள் மிக்ஸிக்கு வருகிறேன். எவர்சில்வர் பிளேடிலிருந்து ஈயம் வராது. ஆனால் காய்ந்த விரலி கல் மாதிரி. பிளேடைத் தேய்த்துக் குரோமியத்தையும் நிக்கலையும் கொஞ்சம் கலந்துவிடும். அதுதான் இடிக்கிறது. லெட் குரோமேட்டில் ஒரு பங்கு குரோமியத்துக்கு எடையில் ஏறக்குறைய நாலு பங்கு ஈயம். இரண்டும் அந்தக் கணக்கில் ஏறியிருந்தால் பூச்சு வேலை என்று சந்தேகிக்கலாம். மிக்ஸியின் குரோமியம் அந்தக் கணக்கைக் குழப்பும். அரைக்காத விரலி மீதி இருந்தால் கழுவாமல், துடைக்காமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள். குரோமியத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.