1900 ஏன் லீப் ஆண்டு ஆனது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இரண்டு மாதமாகப் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுவருகிறேன். லீப் ஆண்டைக் கண்டுபிடிக்க ஒரு நிரல் எழுதினேன். முதலில் இஃப் (if, 'இப்படியானால்'): 4ஆல் வகுபட்டால் லீப் ஆண்டு. அடுத்து எலிஃப் (elif, 'இல்லை, இப்படியானால்'): 100ஆல் வகுபட்டால் லீப் ஆண்டு அல்ல. மீண்டும் எலிஃப்: 400ஆல் வகுபட்டால் லீப் ஆண்டு. கடைசியில் எல்ஸ் (else, 'எதுவும் இல்லையென்றால்'): அல்ல. 2023, 2024 இரண்டுக்கும் சரியான விடை வந்தது. 1900ஐ மட்டும் லீப் ஆண்டு என்கிறது. விதிகள் மூன்றும் சரியாக இருக்கும்போது விடை எப்படித் தவறுகிறது? தர்க்கம் எனக்கு வராதோ என்று பயமாக இருக்கிறது.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

2024க்குச் சரியான விடை வந்த பிறகும் நிறுத்திவிடாமல் 1900ஐக் கொடுத்துப் பார்த்திருக்கிறீர்கள். அப்படிச் செய்தவருக்குத் தர்க்கம் வராது என்று நான் நம்பமாட்டேன்.

ஒரு விதியை மனிதரிடம் சொல்லும்போது பொதுவானதை முதலில் சொல்லி, 'ஆனால்' என்று விலக்கைப் பிறகு சேர்க்கிறோம். கேட்பவர் முழுவதையும் கேட்ட பிறகே முடிவெடுக்கிறார். இஃப், எலிஃப் தொடர் அப்படிக் காத்திருப்பதில்லை. உண்மையாகும் முதல் நிபந்தனையோடு அது முடிந்துவிடும். கீழே உள்ளவை சோதிக்கப்படுவதே இல்லை. 1900 நான்கால் வகுபடும் என்பதால் முதல் வரியிலேயே தீர்ப்பு வந்துவிட்டது.

எலிஃபைப் படிக்கும்போதெல்லாம் 'மேலே சொன்ன எதுவும் இல்லாமல்' என்று வாய்விட்டுச் சேர்த்துப் படியுங்கள். உங்கள் இரண்டாவது வரி இப்படி ஆகும்: '4ஆல் வகுபடாமல், 100ஆல் வகுபட்டால்'. அப்படி ஓர் எண் கிடையாது. மூன்றாவது வரிக்கும் அதே கதிதான். அந்த இரண்டு வரிகளும் எந்த ஆண்டுக்கும் இயங்கப்போவதில்லை. நீங்கள் எழுத நினைத்தது 1582இல் அறிமுகமான கிரகோரியன் நாட்காட்டியின் விதி. எழுதியிருப்பதோ அதற்கு முந்தைய ஜூலியன் நாட்காட்டியின் விதி. அதில் நான்கு ஆண்டுக்கு ஒன்று லீப் ஆண்டு, விலக்கே இல்லை.

வரிசையைத் தலைகீழாக்குங்கள். 400 முதலில், பிறகு 100, பிறகு 4. குறைந்த ஆண்டுகளுக்கே பொருந்தும் நிபந்தனை மேலே நின்றால்தான் அதற்கு வாய்ப்புக் கிடைக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. உங்கள் பழைய வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு, எலிஃப்களை எல்லாம் தனித்தனி இஃப்களாக மாற்றி, கடைசி எல்ஸை எடுத்துவிடுங்கள். விடையை ஒரு மாறியில், அதாவது மதிப்பை மாற்றி எழுதக்கூடிய ஒரு பெயரில், வையுங்கள். தொடக்கத்தில் அதன் மதிப்பு 'அல்ல'. இப்போது 1900க்குச் சரியான விடை வரும். முதல் இஃப் 'ஆம்' என்று எழுதியதை இரண்டாவது இஃப் அழித்து 'அல்ல' என்று எழுதுகிறது. 2000க்கு மூன்றாவது வந்து அதையும் திருத்துகிறது. மனிதர் விதி சொல்லும் முறையும் இதுதான். ஆகவே உங்கள் சிந்தனையில் பிழை இல்லை. எலிஃபுக்கு அந்த வரிசை பொருந்தவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் நான் எலிஃப் தொடரையே எழுதுவேன். தீர்ப்பு ஒரே இடத்தில் விழுவதால், பிழை வந்தால் எந்த வரி என்று உடனே தெரிந்துவிடும்.

திருத்தியதும் ஓரிரு ஆண்டுகளோடு நிறுத்தாதீர்கள். 2001 முதல் 2400 வரை ஒரு சுழற்சியில் ஓட்டி, லீப் ஆண்டுகளை எண்ணச் சொல்லுங்கள். 97 வர வேண்டும். இப்போதுள்ள நிரல் 100 என்று சொல்லும். கூடுதலாக வரும் மூன்றும் 2100, 2200, 2300.