காலி கேனுக்கு நாலு சென்ட்: தீவுகளின் டெபாசிட் கணக்கு

காலி பாட்டிலையும் பானக் கேனையும் திருப்பிக் கொடுத்தால் காசு தரும் தீவுகளைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்தவற்றுக்குப் பதில்கள் இதோ.

திருச்சி வாசகர்: டாஸ்மாக்கில் பத்து ரூபாய் திருப்பித் தருகிறார்களே, அதுவும் இதுதானா?

அதேதான். 2022-இல் நீலகிரியில் தொடங்கினார்கள். இங்கே பேச்சு தீவுகளைப் பற்றி.

தூத்துக்குடிக்காரர்: பசிபிக் கடலில் இருக்கும் கிரிபாட்டி மாதிரி குட்டி நாட்டில் கடை கடையாகப் போயா வசூலிப்பார்கள்?

கிரிபாட்டி என்று எழுதினாலும் 'கிரிபாஸ்' என்றுதான் சொல்ல வேண்டும். கடைப் பக்கமே போக வேண்டாம் அண்ணாச்சி. கேன் பானமெல்லாம் கப்பலில்தானே வருகிறது? டெபாசிட்டைத் துறைமுகத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். 2004-இல் இதற்கென்று தனி நிதிச் சட்டம் போட்டார்கள். கேனுக்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் இறக்குமதியாளர் 5 ஆஸ்திரேலிய சென்ட் கட்ட வேண்டும்; அவர் அதை விலையில் ஏற்றிவிடுவார். காலியைக் கொண்டுவருபவருக்கு 4 சென்ட். குடித்தது யாராக இருந்தாலும் சரி, பொறுக்கியவருக்குக் காசு. கார் பேட்டரியும் உண்டு, அதற்கு 5 டாலர். திட்டத்தின் பெயர் 'காவோக்கி மாங்கே', அதாவது குப்பையைத் திருப்பு. தலைநகரான தெற்குத் தராவாவில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவே ஒரு துண்டு நிலம். குப்பை கொட்ட இடம் ஏது?

தூத்துக்குடிக்காரர்: ஐந்து வாங்கி நாலு கொடுத்தால், ஒரு சென்ட் அபேஸ்தானே?

பசிபிக்கில் இன்னொரு குட்டி நாடான பாலாவில் 2011 முதல் 10 சென்ட் வாங்கி 5 தருகிறார்கள். அதற்கு என்ன சொல்வீர்கள்? ஹவாயில் 5 சென்டை முழுசாகத் திருப்புவார்கள், ஆனால் 1 சென்ட் கட்டணம் என்று தனியாக வாங்கிக்கொள்வார்கள். பெயர்தான் வேறு. கேனை நசுக்கிக் கட்டி, கடல் தாண்டி அனுப்ப வேண்டாமா? அலுமினியம் தன் கப்பல் கூலியைத் தானே சம்பாதித்துவிடும், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.

தூத்துக்குடிக்காரர்: திரும்பி வராத பாட்டில்களின் டெபாசிட் இருக்கிறதே, அதில் திட்டத்தை நடத்தலாமே?

நல்ல கேள்வி. ஆனால் திட்டம் நன்றாக நடக்க நடக்க அந்தப் பணம் குறையும். எல்லாமே திரும்பி வந்தால் பூஜ்யம். திட்டம் தோற்றால்தான் சம்பளம் என்று யாரையாவது வேலைக்கு வைப்பீர்களா? இன்னொன்று, டெபாசிட் மக்கள் பணம். அரசின் பொதுக் கணக்கில் கலந்தால் போச்சு.

நாகை வாசகர்: கண்ணாடி பாட்டில்?

கனம். கப்பல் கூலியே தின்றுவிடும். பாலாவின் கொரோர் என்ற ஊர்க்காரர்கள் உருக்கிக் கலைப்பொருள் செய்கிறார்கள்.

சிங்கப்பூர் வாசகர்: எங்களுக்கு?

2026 ஏப்ரல் முதல் 10 சிங்கப்பூர் சென்ட், டெபாசிட் குறி உள்ள கேனுக்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் மட்டும். கேனை நசுக்காதீர்கள், காலியை வாங்கும் இயந்திரம் அதன் பார்கோடைப் படிக்க வேண்டும்.

மதுரை வாசகர்: டாஸ்மாக் பாட்டில்...

முதல் பதில்.

வேலூர் வாசகர்: இந்த டெபாசிட் பணத்தில் தீவில் சாலை போடலாமே?

மறுபடியும் சொல்கிறேன், அது மக்கள் பணம். தனிக் கணக்கு!

தூத்துக்குடிக்காரர்: இருந்தாலும் அந்த ஒரு சென்ட்...

அண்ணாச்சி, உங்கள் ஊர்க் காயலான் கடைக்காரர் பழைய பேப்பரை வாங்கின விலைக்கேவா விற்கிறார்?