நாங்குநேரிப் பக்கம் ஓடும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு மட் டயர் தேவையா?

உங்களிடம் இருப்பது மஹிந்திரா தார், 18 அங்குல அலாய் சக்கரம். நாங்குநேரிக்குத் தெற்கே தோட்டம், விடுமுறை நாளில் செம்மணல் மேடுகளான தேரிக்காடு, மற்ற நேரமெல்லாம் நான்கு வழிச்சாலை. கம்பெனி டயர் தேய்ந்துவிட்டது; கடைக்காரர் எம்.டி. (சேற்றுக்கான மட் டயர்) டயர்தான் வேண்டும் என்கிறார், ஏ.டி. (எல்லாத் தரைக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர்) போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏ.டி. போதும். எம்.டி. உங்களுக்கு வீண் செலவு.

காற்றாலைப் பராமரிப்பு வேலையில் இருப்பதால் கயத்தாற்றுக் கரிசல், பணகுடிச் சரள், இராதாபுரத்துச் செம்மணல் மூன்றிலும் ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஓட்டுகிறேன். கோபுரம் நிற்கும் இடத்துக்கெல்லாம் ஒழுங்கான பாதை கிடையாது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நம் சீமையில் டயரைக் கொல்வது சேறு அல்ல, முள்.

ஓர் உடைமர முள் ஏறினால் உடனே தெரியாது. அடி ஒடிந்து, நுனி மட்டும் ரப்பருக்குள் தங்கிவிடும். டியூப்லெஸ் டயர் என்பதால் காற்று மெல்லக் கசியும். மறுநாள் காலையில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்போதுதான் புரியும். சோப்புத் தண்ணீரைத் தெளித்துச் சக்கரத்தை மெதுவாக உருட்டினால், பொடிக் குமிழிகள் கொத்தாகக் கிளம்பும் இடத்தில் கடுகளவு பழுப்புப் புள்ளி ஒன்று தெரியும். குறடால் பிடிக்க முடியாதபடி ரப்பரோடு சமமாக ஒடிந்திருக்கும். ஊசியால் சுற்றிலும் கிளறித்தான் எடுக்க வேண்டும். அதை எடுக்காமல் மேலே பஞ்சர் ஒட்டினால் முள் உள்ளேயே இருந்து மறுபடியும் வேலையைக் காட்டும்.

இந்த முள் எளிதாக இறங்குவது பட்டன்களுக்கு, அதாவது தரையில் படும் ரப்பர்க் கட்டிகளுக்கு, நடுவே உள்ள பள்ளத்தில். அங்கேதான் ரப்பர் மெல்லியது. மட் டயரில் அந்தப் பள்ளம் அகலமாக இருக்கும். சேற்றை வெளியே எறிவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். ஏ.டி. டயரில் பட்டன்கள் நெருக்கம், முள்ளுக்குக் கிடைக்கும் இடம் குறைவு. பட்டன் பகுதியில் பஞ்சர் ஆனால் ஒட்டிக்கொள்ளலாம். சைடுவால், அதாவது டயரின் பக்கச் சுவர், கிழிந்தால் அந்த டயர் போயிற்று, எந்தக் கடையிலும் அதற்கு வைத்தியம் இல்லை. தோட்டத்து வரப்போரம் வெட்டிவிட்ட உடைமரக் கட்டைகளின் கூர்முனை பாய்வது அங்கேதான். அதனால் கடையில் பட்டன் அழகைப் பார்க்காதீர்கள். சைடுவாலில் பொறித்திருக்கும் எழுத்தைப் படியுங்கள். எத்தனை அடுக்குத் துணி என்பது அங்கேயே இருக்கும். மூன்று அடுக்கு கிடைத்தால் கூடுதல் பணம் கொடுத்தாவது வாங்குங்கள். அளவுக்கு முன்னால் ‘எல்.டி.’ (லைட் டிரக்) என்று எழுதிய டயர்கள் முள்ளையும் கல்லையும் இன்னும் தாங்கும். ஆனால் அவற்றில் பத்துப் பிளை ரகம் (இது துணி அடுக்கின் எண்ணிக்கை அல்ல, பாரம் தாங்கும் தர அளவு) உங்கள் வண்டிக்குத் தேவையில்லை. பாரம் ஏற்றாத வண்டியில் அது தூக்கித் தூக்கிப் போடும்.

இனி தேரி. நவ்வலடி, இட்டமொழிப் பக்கத்துத் தேரி மணலில் டயர் ரகத்தைவிடக் காற்றுதான் முக்கியம். தார்ச் சாலையில் 30, 32 பி.எஸ்.ஐ. இருந்தால், மணலில் இறங்குமுன் 18 வரை குறைத்துவிடுங்கள். டயர் தளர்ந்து, தரையில் படும் தடம் நீளும். வண்டி மணலில் புதையாமல் மேலே ஓடும். காற்றைக் குறைக்காத மட் டயர் அதே மணலில் மண்வெட்டி போலத் தோண்டிக்கொண்டு அச்சு வரை இறங்கும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஆழம்தான் கூடும். 15-க்குக் கீழே இறக்கினால் ஒடித்துத் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும் அபாயம் உண்டு. நிறுத்துவதானால் பிரேக்கை அழுத்தாமல் தானாக நிற்க விடுங்கள், அதுவும் இறக்கம் பார்த்து. ஆடிக் காற்றில் தேரி இடம் மாறும். போன வாரத்துத் தடத்தை நம்பிப் போகக் கூடாது. மழை பெய்த மறுநாள் அதே மணல் இறுகி, போவதற்கு எளிதாக இருக்கும்.

தார்ச் சாலைக்குத் திரும்பியதும் முதல் வேலை காற்றடிப்பது. குறைந்த காற்றோடு நான்கு வழிச்சாலையில் வேகமாகப் போனால் சைடுவால் மடங்கி மடங்கிச் சூடேறும், சித்திரை வெயில் வேறு சேர்ந்துகொள்ளும். பக்கத்தில் பெட்ரோல் பங்க் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பேட்டரியில் நேரடியாக மாட்டும் சிறு கம்ப்ரசரும் காற்று அளக்கும் கேஜும் வாங்கி வண்டியிலேயே வையுங்கள். மட் டயருக்குக் கொடுக்க நினைத்த கூடுதல் பணம் இதற்குப் போகட்டும்.

கரிசலைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய கரிசலில் ஏ.டி. டயரின் பட்டன் இடுக்கெல்லாம் களி அடைத்து, சக்கரம் வழுக்கத் தொடங்கிவிடும். அங்கே தினமும் போயே ஆக வேண்டியவர்களுக்கு மட் டயர் நியாயம். மற்றவர்கள் இரண்டு நாள் வெயில் அடிக்கட்டும் என்று காத்திருக்கலாம். டிராக்டர்காரரைத் தேடி ஓடுவதைவிட அது மலிவு. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, தண்ணீரைக் கடக்க மட் டயர் உதவும் என்று சொல்பவர்களையும் பார்த்தேன். ஓடும் தண்ணீரில் வண்டியே மிதக்கும்போது பட்டன் எதைப் பிடிக்கும்?

மலைப் பக்கம் போவதற்கென்று தனி டயர் வேண்டாம். மாஞ்சோலை மலையில் அரசுப் பேருந்து சாதாரண டயரில்தான் ஏறி இறங்கியிருக்கிறது. அங்கே முதலில் வேண்டியது வனத்துறை அனுமதி. 1988-லிருந்து களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். பாதையை விட்டு இறங்கிச் சாகசம் செய்ய இடமில்லை. தேரியிலும் காப்புக்காட்டுப் பகுதிக்கு இது பொருந்தும்.

அளவை மாற்றச் சொன்னால் யோசியுங்கள். உங்கள் 255/65 ஆர்18 டயரில் சைடுவால் உயரம் சுமார் 166 மில்லிமீட்டர். இதே வண்டியின் 16 அங்குல இரும்புச் சக்கர மாடலில் வரும் 245/75 ஆர்16 டயரில் அது 184. காற்றைக் குறைத்து ஓட்ட உயரமான சைடுவாலே நல்லது. மொத்த விட்டம் இரண்டு சதவீத அளவுக்குத்தான் குறையும். அலாயின் அழகில் ஆசை இல்லையென்றால் 16 அங்குலத்துக்கு மாறலாம். அதைவிட்டு ஃபெண்டரில் உரசும் அளவுக்குப் பெரிய டயர் போட்டால் ஸ்டியரிங், பிரேக், மைலேஜ் எல்லாம் கெடும். கம்பெனி குறிப்பிட்ட அளவை மீறுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவிலும் சிக்கலைக் கொண்டுவரும்.

இரண்டு டயர் மட்டும் இப்போது, மீதி தீபாவளிக்கு என்று பிரிக்காதீர்கள். நான்கும் ஒரே அளவு, ஒரே ரகமாக இல்லாவிட்டால் ஃபோர் வீல் போடும்போது முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற முயன்று கியர்ப் பெட்டிக்குப் பாரம் ஏறும். முடிந்தால் ஸ்டெப்னியோடு ஐந்தாக வாங்குங்கள். சைடுவாலில் நான்கு இலக்க எண் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத் தயாரிப்பு. ஐந்திலும் அதைப் பார்த்து, பில்லில் எழுதச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.