ஆட்டிசம் உள்ள தம்பியோடு வளரும் என் 8 வயது மகள் எதற்கும் அடம்பிடிப்பதில்லை. இதில் கவலைப்பட ஏதாவது இருக்கிறதா?

பயப்பட வேண்டாம், ஆனால் கவனியுங்கள். பெற்றோர் களைத்திருப்பதைப் பார்க்கும் பிள்ளை, "நானும் தொந்தரவு தரக் கூடாது" என்று தானே முடிவெடுத்துவிடும். அதைப் பொறுப்பு என்று நாம் பாராட்டப் பாராட்ட, அவளுக்கு அழக்கூட இடமில்லாமல் போகும்.

முதலில் அவளுக்கு விஷயம் தெரிய வேண்டும். தான் கோபத்தில் நினைத்த ஏதோ ஒன்றால்தான் தம்பிக்கு இப்படி ஆனது என்றுகூடச் சிறு பிள்ளைகள் நம்புவதுண்டு. ஆட்டிசம் தொற்றாது, யார் தவறாலும் வருவதில்லை, அவன் மூளை வளரும் விதமே வேறு, சத்தமும் திடீர் மாற்றமும் அவனைத் திணறடிக்கும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒரே தடவையில் இது முடியாது. பதின்வயதில், "உங்களுக்குப் பிறகு அவனை யார் பார்ப்பார்கள்?" என்ற கேள்வி வரலாம், அதையும் மழுப்பாதீர்கள்.

தம்பி அவள் பொருளை உடைத்தால் அவள் கோபம் நியாயமானது. "அவனுக்குத் தெரியாதும்மா" என்று உடனே அடக்கிவிட வேண்டாம். பூட்டி வைக்க ஓர் அலமாரி, அவளுக்கே அவளுக்கான அரை மணி நேரம்: எந்த அறிவுரையையும்விட இவை உதவும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதே நிலையில் உள்ள வேறு பிள்ளைகளையும் அவள் சந்திக்கட்டும். அதற்காகவே அமெரிக்காவில் டான் மேயர் தொடங்கிய ‘சிப்ஷாப்’ கூட்டங்களில் விளையாட்டுக்கு நடுவேதான் பேச்சு நடக்கும்.