வீட்டில் நான்கு ரிமோட், ஒன்றாக்க முடியுமா?

கேள்வி இது: டிவி, டிடிஎச் பெட்டி, கேபிள் பெட்டி, ஹோம் தியேட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிமோட் மேசையில் கிடக்கிறது. வயதானவர்களும் கையாளும்படி எல்லாவற்றையும் ஒரே யுனிவர்சல் ரிமோட்டுக்குள் கொண்டுவர முடியுமா? எதை வாங்கலாம்?

முடியும். ஆனால் எதை வாங்குவது என்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். ரிமோட் பேசும், அதற்குக் காது கிடையாது. இந்த ஒரு விஷயம் பிடிபடாமல் கடைக்குப் போனால், சில நூறு ரூபாய் ரிமோட்டும் காலை வாரும், பல ஆயிரம் ரூபாய் ரிமோட்டும் காலை வாரும்.

எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறையில். பாலக்காடு மாவட்டம், கேரளம். ஆனால் பஸ் நிறுத்தத்தில் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ்தான். சாமான் வாங்கப் பொள்ளாச்சிக்குப் போவோம், கரண்ட் பில்லைக் கேரள மின்வாரியத்துக்குக் கட்டுவோம். டிவி மேசையிலும் இதே கதைதான். அம்மாவின் தமிழ்த் தொடர்களுக்காக ஒரு டிடிஎச் பெட்டி. மலையாளப் பள்ளியில் படிக்கும் மகளுக்கும், அவளோடு உட்கார்ந்துகொள்ளும் மனைவிக்கும் உள்ளூர் கேபிள் பெட்டி. மைத்துனர் துபாயிலிருந்து கொண்டுவந்த ஏவி ரிசீவர் (ஹோம் தியேட்டரின் தலைமைப் பெட்டி) ஒன்று, ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபருமாக. நடுவில் டிவி. உங்கள் வீட்டுப் பட்டியலும் ஏறக்குறைய இதேதான் என்பதால், இங்கே வேலை செய்தது அங்கேயும் செய்யும்.

முதலில் ரிமோட்டின் நுனியைப் பாருங்கள். அங்கே இருக்கும் சிறு எல்இடி, 940 நானோமீட்டர் அளவிலான அகச்சிவப்பு ஒளியை உமிழ்கிறது. கண்ணுக்குத் தெரியாது. செல்போனின் முன்பக்கக் கேமராவுக்கு எதிரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்தினால், வெளிறிய ஊதா நிறத்தில் துடிப்பது திரையில் தெரியும். (ரிமோட் செத்துவிட்டதா, டிவி செத்துவிட்டதா என்ற பஞ்சாயத்தைத் தீர்க்க இதைவிட எளிய வழி இல்லை.) அந்த ஒளி பெரும்பாலான கருவிகளில் நொடிக்கு 38,000 முறை அணைந்து எரிகிறது. சோனியின் முறையில் 40,000, பிலிப்ஸ் வகுத்த ஆர்சி5 முறையில் 36,000. இந்தத் துடிப்புக் கொத்துகளின் நீளத்திலும் இடைவெளியிலும்தான் கட்டளை இருக்கிறது.

சிக்கல் பவர் பொத்தானில் தொடங்குகிறது. அதை அழுத்தும்போது ரிமோட் ‘போடு’ என்றும் சொல்வதில்லை, ‘அணை’ என்றும் சொல்வதில்லை. ‘இருப்பதை மாற்று’ என்று மட்டும் சொல்கிறது. தனித்தனி ரிமோட் வைத்திருக்கும்போது இது உறைக்காது. நம் கண் டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, தேவைப்பட்டால் இன்னொரு முறை அழுத்துவோம். ஆனால் யுனிவர்சல் ரிமோட்டின் கவர்ச்சியே மேக்ரோதான்: ஒரே பொத்தான், அதன் பின்னால் வரிசையாகப் பல கட்டளைகள். டிவிக்கு பவர், பெட்டிக்கு பவர், ரிசீவருக்கு பவர். மூன்றில் ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அது அணைந்து, மற்ற இரண்டும் எழும். திரும்ப அழுத்தினால் நேர்மாறு. அன்று முழுக்க அழுத்தினாலும் மூன்றும் ஒரு வரிசைக்கு வராது.

எங்கள் ஊரில் இது அடிக்கடி நடக்கும். ஐப்பசி மாலையில் மேற்கே இடி உருண்டால் அம்மா மற்ற வேலையை விட்டுவிட்டு டிவி மேசைப் பிளக்குகளைப் பிடுங்கிவிடுவார். நல்ல பழக்கம், நான் தடுப்பதில்லை. மழை ஓய்ந்து மறுபடி செருகும்போது கேபிள் பெட்டி தானாகவே ஓடத் தொடங்கும். டிவி சிவப்பு விளக்கோடு உறங்கும். ரிசீவரும் அப்படியே. எது எந்த நிலையில் இருக்கிறது என்று ரிமோட்டுக்கு யார் சொல்வது? மழை இல்லாத மாதங்களிலும் கரண்ட் ஒரு நிமிடம் போய் வந்தால் இதே கூத்து.

ஆகவே, கருவி இப்போது எந்த நிலையில் இருந்தாலும் ஒரே விளைவைத் தரும் கட்டளைகளாகப் பார்த்துப் பொறுக்குவதுதான் முழு வித்தையும். பல டிவிகளுக்கும் ரிசீவர்களுக்கும் ‘போடு’, ‘அணை’ என்று இரண்டு தனிக் கட்டளைகள் உள்ளுக்குள் புரியும். கூடவே வரும் ரிமோட்டில் அவற்றுக்குப் பொத்தான் இருக்காது, அவ்வளவுதான். நல்ல யுனிவர்சல் ரிமோட்டின் கட்டளைத் தொகுப்பில் இவை தனியாகக் கிடைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் டிவிக்குப் ‘போடு’ என்று பத்து முறை சொன்னாலும் அது அசையாது. நமக்கு வேண்டியது அதுதான்.

அப்படிக் கிடைக்காத டிவிக்கும் வழி இருக்கிறது. சில டிவிகள் உறங்கும்போது ஓர் எண் பொத்தானை அழுத்தினாலே விழித்துக்கொள்ளும். விழித்திருக்கும்போது அதே பொத்தான் சேனலை மாற்றுமே தவிர அணைக்காது. பெட்டியிலிருந்து படம் பார்ப்பவருக்கு டிவியின் சொந்தச் சேனல் எண் எங்கே போனால் என்ன? உங்கள் டிவியில் சோதித்துப் பாருங்கள். செட் டாப் பாக்ஸ்களைப் பொறுத்தவரை என் யோசனை சோம்பேறித்தனமானது: அவற்றை அணைக்கவே வேண்டாம். மேக்ரோவிலிருந்து அவற்றின் பவரை எடுத்துவிட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது ‘சோர்ஸ்’ பொத்தான். அதுவும் இதே ரகம். ஒவ்வோர் அழுத்தலுக்கும் பட்டியலில் ஒரு படி நகரும், எங்கே நிற்கிறது என்பது ரிமோட்டுக்குத் தெரியாது. ஏவி ரிசீவர் வைத்திருப்பவர்கள் இதைச் சுலபமாகத் தாண்டலாம். இரண்டு பெட்டிகளின் எச்டிஎம்ஐ கேபிளையும் ரிசீவரில் செருகுங்கள், ரிசீவரிலிருந்து ஒரே கேபிள் டிவிக்குப் போகட்டும். டிவி எப்போதும் அந்த ஒரு நுழைவிலேயே நிற்கும், அதைத் தொட வேண்டியதே இல்லை. பெரும்பாலான ரிசீவர் ரிமோட்டுகளில் ஒவ்வொரு மூலத்துக்கும் தனித்தனிப் பொத்தான் உண்டு என்பதால், தமிழா மலையாளமா என்பது ஒரே கட்டளையில் முடிந்துவிடும்.

இனி ரிமோட்டுக்கு வருவோம். கடையில் இரண்டு வகை. ஒன்று, டிவி நிறுவனங்களின் கட்டளைகளை முன்பே ஏற்றி, மூன்று அல்லது நான்கு இலக்க எண்ணைப் போட்டுத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. மற்றது, பழைய ரிமோட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் லேர்னிங் ரிமோட். உள்ளூரில் அசெம்பிள் செய்த டிவியாக இருந்தால் எண் பட்டியலில் அது இருக்க வாய்ப்பு குறைவு. உள்ளூர்க் கேபிள்காரர் கொடுக்கும் பெட்டிக்கும் அப்படியே. அதனால் கற்றுக்கொள்ளும் வசதியும் மேக்ரோ வசதியும் இருக்கிறதா என்பதை மட்டும் கேட்டு வாங்குங்கள். பேட்டரி மாற்றினால் கற்றது மறந்துபோகுமா என்றும் கேளுங்கள். சில மலிவு ரிமோட்டுகளுக்கு அந்த வியாதி உண்டு.

கற்றுக்கொடுப்பது பொறுமையான வேலை. இரண்டு ரிமோட்டுக்கும் புது பேட்டரி போடுங்கள். நேர் வெயிலும் ட்யூப் லைட்டும் படாத இடத்தில், ஒரு தடித்த புத்தகத்தின் மேல் இரண்டையும் நுனிக்கு நுனி எதிரெதிராக, இரண்டு மூன்று விரற்கடை இடைவெளியில் படுக்க வையுங்கள். புதியதில் கற்கும் பொத்தானை விளக்கு எரியும்வரை பிடித்து, நிரப்ப வேண்டிய பொத்தானைத் தொட்டு, பிறகு பழையதில் உரிய பொத்தானைச் சட்டென்று தட்டி எடுங்கள். அழுத்திப் பிடிக்காதீர்கள். பரவலாக இருக்கும் என்இசி முறையில், பிடித்துக்கொண்டே இருந்தால் முதல் முறைக்குப் பிறகு முழுக் கட்டளை வராது. ‘முன்பு சொன்னதேதான்’ என்று பொருள்படும் குட்டித் துடிப்பு மட்டும் சுமார் 110 மில்லி நொடிக்கு ஒருமுறை வரும். புதிய ரிமோட் அந்தக் குட்டித் துடிப்பைக் கட்டளை என்று நினைத்துப் பதிந்துகொண்டால், டிவி ஒன்றும் புரியாமல் நிற்கும்.

ஆர்சி5 முறைக் கருவிகளில் வேறொரு வேடிக்கை. அதன் கட்டளையில் இருக்கும் 14 பிட்டுகளில் (0 அல்லது 1 என்ற குறிகளில்) ஒன்று ஒவ்வோர் அழுத்தலுக்கும் மாறி மாறி வரும். புதிய அழுத்தலா, விடாமல் பிடித்திருப்பதா என்று கருவி அதை வைத்துத்தான் அறியும். லேர்னிங் ரிமோட் அந்த பிட்டையும் அப்படியே உறைய வைத்துவிடும். பிறகு 11ஆம் சேனலுக்காக 1ஐ இரண்டு முறை அழுத்தினால் ஒரு 1 மட்டும் போய்ச் சேரும். ரிமோட்டில் கோளாறு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கற்றுக்கொடுப்பதற்குப் பதில், முன்பே ஏற்றப்பட்ட எண் பட்டியலில் அந்தக் கருவியைத் தேடிப் போட்டால் சரியாகிவிடும்.

மேக்ரோவில் கட்டளைகளுக்கு நடுவே இடைவெளி விடவேண்டும். ஸ்மார்ட் டிவி விழித்து அடுத்த கட்டளையைக் காதில் வாங்கவே சில நொடிகள் எடுக்கும். எங்கள் ரிமோட்டில் பச்சைப் பொத்தான் தமிழ், மஞ்சள் மலையாளம், சிவப்பு டிவியையும் ரிசீவரையும் அணைக்க. நிறம் அழிந்தாலும் தெரியட்டும் என்று மகள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் நெயில் பாலிஷ் புள்ளி வைத்திருக்கிறாள். அம்மா பச்சையை அழுத்திவிட்டு உடனே ரிமோட்டை மடியில் கவிழ்த்துவிடுவார். டிவி எழும், ரிசீவர் எழாது. மீதிக் கட்டளைகள் எல்லாம் சேலைக்குள் போய்விடும். “படம் வந்து சத்தமும் வரும்வரை டிவியைப் பார்த்துப் பிடியுங்கள் அம்மா” என்று சொல்ல வேண்டியிருந்தது. “அது என்ன, தீபாராதனையா?” என்று கேட்டார். ஆனாலும் பிடிக்கிறார்.

இவ்வளவையும் செய்வதற்கு முன் ஒன்றைச் சோதியுங்கள். டிவியோடு ஒரு சவுண்ட்பாரும் ஒரு பெட்டியும் மட்டும்தான் என்றால் உங்களுக்குத் தனி ரிமோட்டே தேவைப்படாமல் போகலாம். எச்டிஎம்ஐ கேபிளின் 13ஆவது முனை வழியாகக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். சிஇசி என்று பெயர். சாம்சங் இதை எனிநெட்+ என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது. டிவியின் அமைப்புகளில் போய் இதைப் போட்டுவிட்டு, சவுண்ட்பாரை ‘ஏஆர்சி’ என்று எழுதியிருக்கும் துளையில் செருகினால், டிவி ரிமோட்டே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். டிவி அணைந்தால் சவுண்ட்பாரும் அணையும். இங்கே பேச்சு இருவழி என்பதால் நிலை மறக்கும் தொல்லையும் குறைவு. பல செட் டாப் பாக்ஸ்கள் இதில் சேர மறுக்கும் என்பதுதான் குறை.

ஃபயர் டிவி ஸ்டிக் வைத்திருந்தால் கவனம். அதன் ரிமோட் ஸ்டிக்கோடு புளூடூத்தில் பேசுகிறது. அகச்சிவப்பு மட்டும் அறிந்த யுனிவர்சல் ரிமோட் தலைகீழாக நின்றாலும் ஸ்டிக் திரும்பிப் பார்க்காது. ஒரே நிறுவனத்தின் இரண்டு செட் டாப் பாக்ஸ்கள் ஒரே அறையில் இருப்பதும் தொல்லை. ஒன்றுக்குச் சொன்னால் இரண்டும் கேட்கும். ஒன்றின் முகத்தில் கறுப்பு டேப் ஒட்டி மறைத்துவிட்டு, அதற்கென்று அகச்சிவப்புக் கட்டளையைக் கொண்டுசேர்க்கும் தனி வயர் இழுக்க வேண்டிவரும்.

விலை உயர்ந்த வகைகளைப் பற்றி: ஆப்பிளை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக், கற்றுக்கொள்ளும் ரிமோட் ஒன்றை 1987இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் இந்தத் துறையின் ராஜா லாஜிடெக்கின் ஹார்மனி. ‘டிவி பார்க்க’ என்று ஒன்றைத் தொட்டால், எந்தக் கருவியை எந்த நிலையில் விட்டோம் என்பதைத் தன் நினைவில் குறித்து வைத்துக்கொண்டு அதற்கேற்பக் கட்டளை அனுப்பும். ஆனால் அதுவும் குறிப்பு எழுதிக்கொள்கிறதே தவிர கேட்பதில்லை. பிளக்கைப் பிடுங்கினால் குறிப்பு தப்பாகிவிடும். அதற்காகவே அதில் ‘உதவி’ என்று ஒரு பொத்தான் வைத்தார்கள். 2021 ஏப்ரலில் லாஜிடெக் அந்த வரிசையை நிறுத்திவிட்டது. இன்று பழையதாகக் கிடைத்தாலும் நான் வாங்க மாட்டேன். அமைப்பதற்கே நிறுவனத்தின் இணையத் தொகுப்பை நம்பியிருக்கும் பொருள் அது. அகச்சிவப்பு வசதி உள்ள ஷாவ்மி போன் உங்களிடம் இருந்தால், அதன் ரிமோட் செயலியில் முதலில் விளையாடிப் பாருங்கள், காசு செலவில்லை. ஆனால் அதையே நிரந்தரமாக்க நினைக்காதீர்கள். நீங்கள் போனோடு கடைக்குப் போயிருக்கும்போது வீட்டில் டிவி ஓடாது.

பழைய ரிமோட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, எந்தக் கருவியுடையது என்று எழுதி ஒட்டி, ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். புதிய ரிமோட் ஒருநாள் தண்ணீர்ச் சொம்புக்குள் விழுந்தால், அடுத்ததற்குக் கற்றுக்கொடுக்க அவைதான் வேண்டும்.