மாமியின் ஐஸ்கிறீம் பெட்டிகளும் மண்ணெண்ணெய்ப் போத்தலும்

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் உவர்மலையில் இருந்து எழுதுகிறேன். கலியாணமாகி மூன்று வருடம், பத்து மாதத்தில் ஒரு மகள், நானும் அவரும் வேலைக்குப் போகிறோம், மாமி எங்களோடுதான் இருக்கிறார். மாமியின் ஊர் சம்பூர். நல்ல மனிசி, பிள்ளையை அவர்தான் பார்க்கிறார். ஆனால் வீட்டில் ஒன்றையும் எறிய விடமாட்டார். ஐஸ்கிறீம் பெட்டி, யோகட் கப், சிரட்டை, தயிர் முட்டி எல்லாம் பின் வளவில் குவிந்து கிடக்கிறது. சொப்பிங் பைகளைக் கழுவிக் கொடியில் காயப்போடுகிறார். பொரித்த எண்ணெயைப் போத்தலில் விட்டு வைக்கிறார். கறண்ட் மிச்சம் என்று இரவு பத்து மணிக்கு பிரிட்ஜை நிற்பாட்டுகிறார். நேற்றைய கறியைச் சூடாக்கித் தானே சாப்பிடுகிறார். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு பானையில் போடுகிற பழக்கமும் இருக்கிறது, அது மட்டும் எனக்குப் பிடிக்கும். கணவரிடம் சொன்னால் "அம்மாவை ஒன்றும் சொல்லாதே" என்கிறார். இதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? நேற்று குசினித் தொட்டிக்குக் கீழே பார்த்தால் சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் வேறு. - ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரியில் இருந்துதான் தொடங்கப்போகிறேன். மற்றதெல்லாம் ஆறுதலாகப் பேசலாம், அந்தப் போத்தலை இதை வாசித்த கையோடு எடுத்துவிடுங்கள். பத்து மாதம் என்றால் தவழ்ந்து போய்க் கையில் பட்டதைப் பிடித்து எழும்புகிற வயது, தொட்டிக்குக் கீழேதான் அவளுடைய உலகம். இன்னும் ஒரு வருடத்தில் சோடாப் போத்தல் என்றால் இனிப்பு என்று தெரிந்துவிடும், அது இன்னும் மோசம். எங்கள் பக்கத்து வீட்டில் இப்படித்தான், இரண்டரை வயதுப் பெடியன் விளக்குக்கு விட வைத்திருந்த மண்ணெண்ணெயை இரண்டு வாய் குடித்துவிட்டான். பாட்டி பதறிப்போய்த் தொண்டைக்குள் விரலை விட்டுச் சத்தி எடுக்க வைத்தார். அதுதான் செய்யக்கூடாதது. மண்ணெண்ணெய் வயிற்றில் கிடப்பதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து, சத்தி எடுக்கும்போது அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அப்படி நடந்தால் சத்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடவேண்டும். பெடியன் ஒரு கிழமை வாட்டில் கிடந்து தப்பினான், பாட்டி பிறகு கன காலம் யாரோடும் கதைக்கவில்லை. மண்ணெண்ணெய், டெற்றோல், குளோரின், பூச்சிமருந்து எதுவானாலும் சாப்பாட்டுப் போத்தலில் போகக்கூடாது, அதற்கென்று வந்த கலனிலேயே பூட்டுப் போட்ட அலுமாரியில் உயர இருக்கட்டும். இதில் மாமியின் மனம் நோகுமே என்று யோசிக்க வேண்டாம்.

சரி, இப்போது மற்றவை.

சம்பூர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சனம் 2006இல் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது, காணி திரும்பக் கிடைக்கத் தொடங்க 2015 ஆகிவிட்டது. மாமி அந்த ஒன்பது வருடத்தை எங்கே கழித்தார் என்று நீங்கள் எழுதவில்லை, கிளிவெட்டிப் பக்கத்து முகாமோ சொந்தக்கார வீடோ தெரியாது. ஆனால் தறப்பாள் கொட்டிலில் இருந்த ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், மூடி இறுக்கமாகப் பூட்டுகிற ஒரு பேணி அங்கே சொத்து. சீனியை எறும்பு தொடாது, அடையாள அட்டையை மழை நனைக்காது. அப்படி வாழ்ந்த கைக்கு ஐஸ்கிறீம் பெட்டியை எறி என்றால் எப்படி எறியும்? (நான் இடம்பெயராத நாட்களில் கூடச் சேர்த்தவள்தான், என் அலுமாரியில் மூடிகள் இருபதுக்கு மேல் இருக்கும், அவற்றுக்குப் பொருந்துகிற பெட்டி ஏழோ எட்டோ.)

ஆனாலும் பின் வளவுக் குவியல் போகத்தான் வேண்டும். அதற்குக் காரணம் நுளம்பு. 2017இல் கிண்ணியா பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும், அந்த வருடம் நாடு முழுக்க டெங்கு நோயாளிகள் 1,86,000க்கு மேல். ஐப்பசியில் வாடைக்காற்றோடு மழை தொடங்கினால் அந்த யோகட் கப் ஒவ்வொன்றும் ஒரு தொட்டிதான். ஒரு கிழமை, பத்து நாள் தண்ணீர் நின்றால் போதும், முட்டை நுளம்பாகிவிடும். இன்னொன்று, பலருக்கு இது தெரியாது: முட்டைகள் தண்ணீருக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு இருக்கும், தண்ணீரை ஊற்றிவிட்டாலும் காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அடுத்த மழைக்குப் பொரிக்கும். ஆகவே மழைத்தண்ணி பிடிக்கிற வாளியையும் பீப்பாவையும் கிழமைக்கு ஒருமுறை வெறுமையாக்கினால் மட்டும் காணாது, பொச்சால் உள்சுவரை நன்றாக உரஞ்ச வேண்டும். மழைத்தண்ணி பிடிப்பது நல்ல பழக்கம், மூடியும் உரஞ்சலும் சேர்ந்திருந்தால்.

குவியலைப் பிரிக்கும்போது மாமியிடம் "இதெல்லாம் குப்பை" என்று சொல்லாதீர்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது இந்தக் கிழமை எதற்கு என்று கேளுங்கள். தயிர் முட்டிக்கு அவர் பதில் வைத்திருப்பார், அடியில் ஓட்டை போட்டுக் கறிவேப்பிலைக் கன்று வைக்கலாம், மூதூர்த் தயிர் முட்டியில் வைத்த கன்று என் வாசலிலும் நிற்கிறது. சிரட்டை அடுப்புக்கு, ஆனால் கவிழ்த்து, மழை படாத தாவாரத்தில். நல்ல ஐஸ்கிறீம் பெட்டி ஐந்தாறு பருப்புக்கும் மிளகாய்த்தூளுக்கும், கொதிக்கக் கொதிக்கக் கறியை மட்டும் அதில் ஊற்றவேண்டாம். "என்றைக்காவது உதவும்" என்ற பதில் எதற்கு வருகிறதோ அது கழிவு வண்டிக்கு. நாற்பது யோகட் கப்புக்கு என்றைக்குமே வேலை வராது, அது மாமிக்கும் தெரியும்.

பிரிட்ஜ் விஷயத்தில் நான் உங்கள் பக்கம், முழுக்க. பூட்டியபடியே இருந்தால் ஒரு பிரிட்ஜ் நான்கு மணித்தியாலம் மட்டில் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். பத்து மணியில் இருந்து விடிய ஐந்து மணி என்றால் ஏழு மணித்தியாலம், திருகோணமலைச் சூட்டில். விடிய அது மறுபடி குளிராவதற்கு விடாமல் ஓடும், மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். உள்ளே சூரை மீன் இருந்தால் நிலைமை வேறு. சூரை, கும்பளா போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் ஒரு வகை நஞ்சு உண்டாகும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து உடம்பெல்லாம் கடிக்கும். "மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லி நாங்கள் விட்டுவிடுகிறோமே, அதில் பாதி இதுவாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

கறண்டைத்தான் மிச்சம் பிடிக்கவேண்டும் என்றால் மாமிக்கு வேறு வழி காட்டுங்கள். வீட்டு மின்கட்டணத்தில் மாதம் 60 அலகு என்பது ஒரு கோடு, அதைத் தாண்டினால் முதல் அலகில் இருந்தே வேறு விலை. அந்தக் கோட்டுக்குக் கிட்ட நிற்கிற வீடென்றால் ஏழெட்டு அலகு கூடப் பில்லை நன்றாக மாற்றும். ஒரு மணித்தியாலம் அயன் பெட்டி போட்டால் ஏறக்குறைய ஒரு அலகு. 9 வாட் எல்ஈடி விளக்கு ஒன்று அந்த ஒரு அலகில் நூறு மணித்தியாலத்துக்கு மேல் எரியும். உங்கள் வீட்டிலும் விறாந்தை விளக்கை ஓடிஓடி நூர்த்துவிட்டு, காலையில் ஆளுக்கொரு நேரம் ஒரு சட்டைக்காக அயனைச் சூடாக்குகிறீர்களோ என்னவோ. ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவையில் கிழமைக்குரியதை அயன் பண்ணுங்கள். இந்தக் கணக்கை மாமியிடம் மகன்தான் சொல்லவேண்டும், பில்லைக் கையில் வைத்துக்கொண்டு. "ஒன்றும் சொல்லாதே" என்று நழுவுகிற வேலை இதில் ஆகாது என்று அவருக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பொரித்த எண்ணெய்: கறுத்து, நுரைத்து, புகை சீக்கிரம் கிளம்பினால் ஊற்றிவிடுங்கள். பழையதோடு புதியதைக் கலப்பது இரண்டையும் கெடுக்கிற வேலை. சின்னத் தாச்சியில் கொஞ்சமாக விட்டுப் பொரித்தால் மிஞ்சவே மிஞ்சாது, மிஞ்சிய இரண்டு கரண்டி அடுத்த நாள் தாளிதத்துக்குச் சரி. சொப்பிங் பை கழுவுவது இருக்கட்டும், அதில் ஒரு குற்றமும் இல்லை, மீன் வந்த பையில் மட்டும் மரக்கறி போடவேண்டாம்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று, மாமியிடம் இருந்து கட்டாயம் படிக்கவேண்டியது. தேங்காய். 2025இல் ஒரு காய் 200 ரூபாவைத் தாண்டியபோது எத்தனை வீட்டில் தேங்காய்ப்பால் மாப் பக்கற்றுக்கு மாறினார்கள், சம்பூர் மாமிமார் மாறியிருக்க மாட்டார்கள். முதற்பாலை எடுத்துத் தனியே வைத்து, இரண்டாம் பாலில் கறியை அவித்து, மூன்றாவதாகப் பிழிந்த தண்ணிப் பாலில் சொதிக்கு வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் அவியவிட்டு, இறக்குகிற நேரம் முதற்பாலில் ஒரு கை விட்டுத் தேசிக்காய்ப் புளி பிழிவார்கள். சக்கையை எறிவதில்லை, முருங்கையிலை வறைக்குள் போடலாம், இல்லையென்றால் செத்தல் மிளகாயோடு சட்டியில் சிவக்க வறுத்து உப்பும் புளியும் சேர்த்து இடித்தால் இரண்டு நாளைக்குச் சம்பல். பொச்சில் சட்டி மினுக்கலாம், சிரட்டை எரிக்கலாம். ஒரு தேங்காய்க்குள் இத்தனை வேலை. பக்கத்தில் நின்று கையைப் பாருங்கள், எழுதி வைத்துப் படிக்கிற விஷயம் இல்லை இது. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் 4,860 ரூபாவுக்கு ஏறி, அந்த விலைக்கும் கிடைக்காமல் சனம் சிலிண்டரோடு வரிசையில் நின்றபோது, கொல்லையில் மூன்று கல்லும் காய்ந்த சிரட்டையும் வைத்திருந்த வீட்டில்தான் நேரத்துக்குச் சோறு வெந்தது. வெளியே, காற்றோட்டத்தில் அந்த அடுப்பு இருக்கட்டும், புகையைப் பூட்டிய குசினிக்குள் மட்டும் கொண்டு வராதீர்கள்.

இதே போல வெயிலும். வைகாசியில் இருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கடலும் அமைதி, மீனும் மலிவு, முற்றமோ தகிக்கும். அப்போது போட்ட மோர் மிளகாயும் தேசிக்காய் ஊறுகாயும் நெத்தலிக் கருவாடும் மாரியில் கடல் கொந்தளிக்கிறபோது கைகொடுக்கும். கடையில் வாங்கலாம்தான், ஆனால் உப்பும் வெயிலும் மட்டும் போட்டது கிடைக்குமா?

பிடி அரிசி உங்களுக்குப் பிடிக்கும் என்று எழுதியதைப் படித்து எனக்குச் சந்தோசம். ஒரு பிடி 40 கிராம் என்று வைத்தாலும் மாதம் 1.2 கிலோ, யாராவது வந்து கேட்டால் வெறுங்கையாக அனுப்ப வேண்டியதில்லை. நாங்கள் சம்பளத்தை முழுக்கச் செலவழித்துவிட்டு மாசக் கடைசியில் மிஞ்சுமா என்று பார்க்கிறோம். மாமி உலையில் போடும் முன்பே எடுத்துவிடுகிறார், அதன் பிறகு பானையில் இருப்பதுதான் அன்றைக்குச் சமையல். உங்கள் இரண்டு பேருடைய சம்பளத்திலும் 25ஆம் திகதியே ஒரு பிடியை வேறு கணக்குக்கு மாற்றுங்கள், சின்னப் பிடியாக இருந்தாலும் பரவாயில்லை.

கடைசியாக நேற்றைய கறி. பழஞ்சோறு வேறு, அதைக் குறை சொல்லமாட்டேன்: இரவே ஆறியவுடன் தண்ணீர் விட்டு மூடி, விடிய வெங்காயமும் பச்சை மிளகாயும் தயிரும் போட்டுப் பிசைந்தால் நானே ஒரு கோப்பை கேட்பேன். மத்தியானச் சோற்றைத் திறந்தபடி இரவு வரை வெளியே வைத்துத் திரும்பச் சூடாக்குவதுதான் பிழை, சோற்றில் வளர்கிற ஒரு கிருமியின் நஞ்சு இரண்டாவது சூட்டுக்கும் அடங்காது. தேங்காய்ப்பால் விட்ட கறியோ சூட்டு நாளில் பின்னேரத்துக்குள்ளேயே ஊசப் பார்க்கும். பிரிட்ஜ் இரவில் ஓடத் தொடங்கினால் இந்தப் பிரச்சினையில் பாதி தீரும்.

மீதிப் பாதி அந்தக் கறியை யார் சாப்பிடுகிறார் என்பது. "தானே சாப்பிடுகிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கும் மகனுக்கும் புதுக்கறியைப் போட்டுவிட்டு அடிச்சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார், என் அம்மாவும் அப்படித்தான், சீனி வியாதி வந்த பிறகும் மிஞ்சின பாணையும் மிஞ்சின பாயாசத்தையும் வீணாக்கக்கூடாது என்று தன் வயிற்றுக்குள்தான் போட்டார். எனக்கு அது சிக்கனம் என்று தோன்றவில்லை. இதைப் பேசித் தீர்க்க முடியாது, பேசினால் "எனக்கு இது போதும் பிள்ளை" என்பார். நாளைக்கு மத்தியானம் நீங்கள் வீட்டில் நிற்கிற நாளாக இருந்தால் அவரை முதலில் இருத்திக் கோப்பையில் சோற்றைப் போட்டு, புதுக்கறியில் மீன் தலையை அவருக்கு வையுங்கள். பழைய சட்டி அடுப்பங்கரையில் இருக்கட்டும். அது என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.