பி.எஃப். பணத்தில் கடனை அடைத்துவிட்டு ஊர் திரும்பலாமா?

கேள்வி: எனக்கு 47 வயது, சொந்த ஊர் மண்டபம். பெங்களூருவில் ஒரு மேலாண்மை, தொழில்நுட்ப ஆலோசனை நிறுவனத்தில் 14 ஆண்டுகளாக வேலை, இப்போது டைரக்டர். ஊருக்கே வந்து தனியாக கன்சல்டிங் செய்ய ஆசை. அடிப்படைச் சம்பளம் 1.5 லட்சம். பி.எஃப். 70 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 45 லட்சம், வீட்டுக் கடன் பாக்கி 32 லட்சம். இ.எம்.ஐ. உட்பட மாதச் செலவு 1.1 லட்சம். இரண்டு வாடிக்கையாளர்கள் வேலை தருவதாகச் சொல்கிறார்கள். பி.எஃப்.பை எடுத்துக் கடனை அடைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். வேலையை விட்டபின்பும் 58 வயதுவரை பி.எஃப்.புக்கு வட்டி சேரும். அந்த வட்டிக்கு மட்டும் வரி கட்ட வேண்டும். எடுத்த பணத்தைத் திரும்பப் போடவும் வழியில்லை.

உங்களிடம் சொத்துக்குக் குறைவில்லை. சிக்கல், பணம் எப்போது கைக்கு வரும் என்பதில். நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். தேதி தெரிவதால் வீட்டில் முன்கூட்டியே ஒதுக்கி வைக்கலாம். கன்சல்டன்ட்டின் தடைக்காலத்தை யாரும் அறிவிப்பதில்லை, நிவாரணமும் கிடையாது.

ஒரு இன்வாய்ஸைப் பாருங்கள். கட்டணம் 5 லட்சம், 18 சதவீத ஜி.எஸ்.டி. 90,000. வாடிக்கையாளர் கட்டணத்தில் 10 சதவீதத்தை டி.டி.எஸ். என்று (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு 5.4 லட்சம் தருவார், பெரிய நிறுவனமென்றால் 90 நாள் கழித்துக்கூட. ஆனால் ஜி.எஸ்.டி.யை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் நீங்கள் கட்டியாக வேண்டும். வராத பணத்துக்குக் கைக்காசு! சம்பளக்காரராகவே இருந்தவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் என்பதால் உங்களால் இதைத் தவிர்க்க முடியாது.

அதனால் 18 மாதச் செலவை, சுமார் 20 லட்சத்தை, தனியாக வையுங்கள். கிராஜுவிட்டி (பணிக்கொடை) சுமார் 12 லட்சம் வரும், வரியும் இல்லை. மீதி 8 லட்சத்தை ஃபண்டிலிருந்து எடுத்து வங்கி டெபாசிட்டில் போடுங்கள். கடன் இ.எம்.ஐ.யாகவே ஓடட்டும்.

அப்புறம், அந்த இரண்டு வாடிக்கையாளர்கள். அவர்கள் வாக்குக் கொடுத்தது உங்களுக்கா, உங்கள் டைரக்டர் நாற்காலிக்கா? வெளியே வந்தபின்தான் தெரியும். நிறுவனத்தின் வாடிக்கையாளரை இழுக்கக் கூடாது என்று உங்கள் பணி ஒப்பந்தத்தில் நிபந்தனை இருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். பெற்றோர் கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் இருந்தால், அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிப் பாலிசிக்கு மாற இப்போதே கேளுங்கள். ஒரு வாடிக்கையாளராவது முன்பணத்தோடு கையெழுத்துப் போட்டபிறகு ராஜினாமா கடிதம் கொடுங்கள்.